பொட்டு வைத்த மைக்ரோஸ்கோப்

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் மகள் வீட்டில் இறங்கிய மறுநாள் காலை, மாப்பிள்ளை செந்தில் வீட்டைச் சுற்றி ரப்பர் குழாயைப் போட்டுச் சுவரோரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அங்கே செடி கொடி எதுவும் கிடையாது. வெறும் மண்.

“சொவத்துக்கு எதுக்குங்க மாப்ள தண்ணி?”

“அஸ்திவாரத்துக்குங்க மாமா. இந்த ஊரு களிமண்ணு காஞ்சா சுருங்கிக்கும். வீடு விரிசல் விட்ரும். வெயில் காலம் முடியற வரைக்கும் இப்படி நனைச்சுட்டே இருக்கணுங்க.”

நான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பூமியைக் குடைந்து தண்ணீர் எடுத்தே பிழைத்தவன் நான். என்னைக் கொண்டுவந்து, வீடு நிற்பதற்காகப் பூமிக்குள் தண்ணீர் ஊற்றுகிற ஊரில் விட்டிருக்கிறார்கள்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் குழாய் தூக்குகிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு வண்டியை இயக்குபவன், பிறகு வண்டிக்கே முதலாளி. ராஜஸ்தான் மணலிலும் ஆப்பிரிக்கக் கரும்பாறையிலும் என் வண்டி துளை போட்டிருக்கிறது. துளையிலிருந்து பறந்து வரும் புழுதியை விரலில் தேய்த்தே இன்னும் எத்தனை அடியில் ஈரம் தட்டும் என்று சொல்வேன். பட்டம் வாங்கிய நிலவியல்காரர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். போகிற இடமெல்லாம் இதைச் சொல்லுவேன். சொல்வதற்கு எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. டெக்சாஸில் வெட்கம் வந்தது வேறொன்றுக்கு.

இரண்டாம் நாள் தனியாக நடக்கப் போய் வழி தவறினேன். அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சில் அறுத்த செங்கல் மாதிரி இருக்கும். முன்னால் பெரிய கேரேஜ் கதவு, பக்கத்தில் குச்சி வைத்து முட்டுக் கொடுத்த ஓக் கன்று. தெருவில் வழி கேட்க ஒரு ஆள் கிடையாது. நம் வீடுதான் என்று ஒரு வாசலில் ஏறிக் கதவைத் தள்ளினேன். அழைப்பு மணி பேசியது.

“எவரண்டி? யார் வேணும் அங்கிள்?”

“நான் யாழினியோட தாத்தாங்க,” என்று மணியைப் பார்த்துக் கும்பிட்டேன். பேசியது அந்த வீட்டுத் தெலுங்கு அம்மாள். அவர் இருந்தது டவுனில், ஆபீசில். வேட்டி கட்டிய ஒரு கிழவனை மணியிலிருந்த கேமரா வழியாகப் போனில் பார்த்து, குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டு, “இந்த அங்கிள் யாருடையவர்?” என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் மகள் கவிதா காரோடு வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று முன்னால் நின்றது. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு சிவப்புப் பலகை கை நீட்டியது. எங்கள் பக்கமும் எதிர்ப்பக்கமும் வந்த கார்கள் அத்தனையும் நின்றுவிட்டன.

“எடம் இருக்குதே கண்ணு, ஒதுங்கிப் போயிரு.”

“அப்பா! அதத் தாண்டிப் போனா போலீசுங்க. பேசாம உக்காருங்க.”

பேருந்திலிருந்து ஒரே ஒரு பெண் குழந்தை இறங்கினாள். அட்டையில் செய்த எரிமலை ஒன்று அவள் உயரத்துக்கு இருந்தது. அதைக் கட்டிப் பிடித்தபடி, கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் அடி அடியாக ரோட்டைக் கடந்தாள். பெரிய பெரிய வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த அட்டை எரிமலைக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அமைச்சர் வண்டிக்குக்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் நிற்பதில்லை.

வியாழக்கிழமை மாலை பேத்தியின் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். யாழினி ஐந்தாம் வகுப்பு. நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். பாதி எனக்குப் புரியும், மீதியை அவள் அம்மா சொல்லுவாள். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவைக் கூப்பிடுகிற “அப்புச்சி” என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் ஒரே தமிழ்ச் சொல். அது ஒன்று போதும் எனக்கு.

பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் கணக்கு, அறிவியல் மாலைநேர விழா. நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரி மேசைகள். ஒரு மேசையில் முட்டையை வினிகரில் ஊறவைத்து ரப்பர் பந்தாக்கியிருந்தார்கள். இன்னொன்றில் ஆந்தை விழுங்கித் துப்பிய உருண்டையைப் பிரித்து அதிலிருந்து எலி எலும்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பன்மார்கள் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு காகிதப் பாலம் கட்டினார்கள்.

“இதெல்லாம் கவர்மெண்டு செலவுங்களா மாப்ள?” என்றேன்.

“ஆமாங்க மாமா. கணக்கும் சயின்சும்னா புள்ளைங்க பயந்து ஓடக் கூடாதுன்னு கிராண்ட் குடுக்கறாங்க. அப்பா அம்மாவையும் கூப்புட்டு உக்கார வெச்சாத்தான் வேலைக்காகும்னு இந்த மாதிரி பண்றாங்க.”

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு பீட்சா. அடை மாதிரி கனம், ஆனால் அடையில் இருக்கிற உறைப்பு இல்லை. மிளகாய்த் தூள் பொட்டலம் நான்கு கிழித்துப் போட்டபிறகுதான் நாக்கு ஏற்றுக்கொண்டது.

ஒரு மேசையில் கண்ணாடி ஜாடி நிறைய மிட்டாய். எத்தனை என்று சொல்ல வேண்டும். இங்கேதான் நான் கெட்டேன். ஜாடியின் அடி வட்டத்தில் தெரிகிற மிட்டாயை எண்ணி, எத்தனை அடுக்கு என்று விரலால் அளந்து, மனதுக்குள் பெருக்கி ஒரு எண்ணைச் சொன்னேன். கூடத்தில் இருந்த எஞ்சினியர்கள் எல்லாரையும்விட என் கணக்குத்தான் கிட்டத்தில் வந்தது. கைதட்டினார்கள். யாழினி குதித்தாள். ஒரு பென்சில் பரிசு கொடுத்தார்கள்.

அவளுடைய ஆசிரியை மிசஸ் ஹால், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தார், எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். குழாய்க்குள் நிற்கிற தண்ணீரைக் கணக்குப் போடுகிறவனுக்கு ஜாடி எம்மாத்திரம் என்றேன். கவிதா மொழிபெயர்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்கூர்ப் பள்ளிக்கூடத்துலயும் லேப் இருக்குதுன்னு சொல்லு. கவர்மெண்டு குடுத்தது, நாந்தான் கொண்டாந்தேன்னு சொல்லு. பத்து மைக்ரோஸ்கோப்பு. புள்ளைங்க தெனமும் அதுலதான் படிக்குதுங்க.”

கவிதா சொன்னாள். மிசஸ் ஹால் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டி என்னைப் பார்த்தார்.

நான் சொன்னதில் எது மெய் என்று இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நான். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அறிவியலும் கணக்கும் கையில் தொட்டுப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆய்வகச் சாமான்கள் கொடுக்கிறது என்று தெரிந்ததும், நாலு தடவை சென்னைக்குப் போய் அதிகாரிகள் முன்னால் நின்று எங்கள் பள்ளிக்கு வாங்கினேன். பத்து மைக்ரோஸ்கோப், காந்தங்கள், கணக்குக்கு மரக் கனசதுரங்களும் கூம்புகளும் வைத்த பெட்டி. ஒரு அறைக்கு வெள்ளையடித்து, வாசலில் என் பெயரோடு கல்வெட்டு வைத்துத் திறந்தோம். இவ்வளவும் மெய்.

‘தெனமும்’ என்பது பொய். திறந்த அன்று மாலை நான் பூட்டியதுதான். நம்மைப் போல் படிப்பு இல்லாதவனுக்கு அந்த மாதிரிச் சாமானைப் பார்த்தால் ஒரு பயபக்தி வரும். கீறல் விழக் கூடாது, எண்ணிக்கை குறையக் கூடாது, அதிகாரி வந்து பார்க்கும்போது பெட்டியில் வந்தபடியே மின்ன வேண்டும். வாத்தியார்மார்களுக்கும் அது வசதியாக இருந்தது. சாமான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தானே குறை விழும்? சாவி என்னிடம். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குத் திறப்போம். பிள்ளைகள் தூசி தட்டுவார்கள், பத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சூடம் காட்டி, பொரி கடலை கொடுத்து, மறுபடி பூட்டுவேன். நல்லபடியாகப் பாதுகாக்கிறேன் என்றுதான் ஐந்து வருடமும் நினைத்திருந்தேன்.

மிசஸ் ஹால் ஒன்று சொன்னார். அடுத்த புதன்கிழமை இந்த வகுப்பு, குடியிருப்புக் குளத்துத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் போகிறது. அதே நேரத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தால் என்ன? திரையில் இரண்டு வகுப்பும் பேசிக்கொள்ளலாம். இங்கே காலை எட்டு மணி, அங்கே மாலை ஆறரை. யாழினி மொழிபெயர்க்கட்டும்.

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியோடு நான் “ஆகட்டும்” என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அவள் மூன்று சினேகிதிகளுக்குச் சொல்லிவிட்டாள். இரவுச் சாப்பாட்டில், கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவள் அம்மாவைத் துளைத்து எடுத்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு, “அப்புச்சி, கரெக்டா?” என்று படித்துக் காட்டினாள். இத்தனை தமிழ் அவள் வாயில் நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அறிவியல் ஆசிரியை தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவர், நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர்.

“நல்ல விசயமுங்க ஐயா. பத்தாவது புள்ளைங்க ஸ்பெஷல் கிளாசுக்கு ஆறரை வரைக்கும் இருக்குங்க, அன்னிக்குக் கொஞ்ச நேரம் கூட இருக்கச் சொல்லிக்கறனுங்க. சாவிய ஆருகிட்ட வாங்கறதுங்க?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆய்வகச் சாவி என் வீட்டு இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ சாவி, அமெரிக்கா வரும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று என் சூட்கேசில் இருக்கிறது.

“பூட்ட ஒடைச்சுரலாங்களா ஐயா?”

“ஏனுங்க, நான் ஊர்ல இல்லாதப்பப் பூட்ட ஒடைச்சா ஊரு என்ன பேசும்? எங்கொழுந்தியா மகன் மெட்ரிக் பள்ளிக்கூடம் வெச்சிருக்கறானில்ல, அவங்கிட்டச் சொல்றேன். ஒரு மைக்ரோஸ்கோப்ப ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வெச்சுக்கங்க. நம்மளுதுன்னு சொல்லிக்கலாம்.”

டீச்சர் கேட்டார்.

“நம்மகிட்டப் பத்து இருக்கறப்ப எரவல் வாங்கறதுங்களா?”

“சொன்னதச் செய்ங்க டீச்சர்.”

“வாங்கறனுங்க. ஆனா நம்மளுதுன்னு சொல்லச் சொல்லிப் புள்ளைங்ககிட்ட நான் சொல்ல மாட்டனுங்க.”

அவர் குரலில் மரியாதை குறையவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. என்னைப் பார்த்து இப்படிச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். பிரசாதப் புளியோதரையைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வெளியே நின்றபோது, மகனோடு தங்க வந்த கரூர்க்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மகனுக்கு இங்கே மூன்று கார் என்றார். நான் விடுவேனா? நம் ஊர்ப் பள்ளியும் அமெரிக்கப் பள்ளியும் சேர்ந்து நடத்துகிற வகுப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றேன். “ஏனுங்க, நீங்க என்ன படிச்சிருக்கறீங்க?” என்று கேட்டார். “அஞ்சாவதுங்க,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் தொன்னையைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். யாழினி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை. பள்ளிக்குள் சும்மா நுழைய முடியாது. பாஸ்போர்ட்டை ஒரு இயந்திரத்தில் வைத்துப் பார்த்து, என் முகத்தைப் படம் பிடித்து, அந்தப் படத்தோடு ஒரு ஸ்டிக்கரை அச்சடித்துச் சட்டையில் ஒட்டினார்கள். கவிதாவுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, மீட்டிங் இருக்கிறது என்று என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். வகுப்பின் கடைசியில் ஒரு குட்டி நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். முழங்கால் காதுக்கு வந்தது.

சுவர்த் திரையில் எங்கள் பள்ளி தெரிந்தது. ட்யூப்லைட் வெளிச்சம், அதைச் சுற்றிப் பூச்சிகள், பெஞ்சில் இரவல் மைக்ரோஸ்கோப், அதைச் சுற்றிப் பதினைந்து தலைகள். தமிழ்ச்செல்வி டீச்சர் ஓரமாக நின்றார். இங்கே இரண்டு பிள்ளைக்கு ஒரு மைக்ரோஸ்கோப். அதன் பிடியெல்லாம் பெயிண்ட் உரிந்து, ஒன்றில் டேப் சுற்றியிருந்தது. எங்கள் பூட்டிய அறைக்குள் இருப்பவை இவற்றைவிடப் புதியவை.

கௌசல்யா என்ற பத்தாம் வகுப்புப் பெண் முதலில் குனிந்து பார்த்தாள். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்.

“ஐயோ டீச்சர், ஓடுதுங்க! வால் வெச்சது ஒண்ணு, சுத்திச் சுத்தி ஓடுது... அட, அது இன்னொண்ணத் திங்குதுங்க டீச்சர்! நாம இந்தத் தண்ணியத்தான குடிக்கறோம்?”

அங்கே சிரிப்பு. யாழினி அதை இங்கிலீஷில் சொன்னதும் இங்கேயும் சிரிப்பு. யாழினி வகுப்புப் பெண் ஒருத்தி மேசையை விட்டு எழுந்து, எங்கள் குளத்திலும் அதுதான் இருக்கிறது என்று கத்தினாள். மிசஸ் ஹால் இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினார். எனக்கு நெஞ்சு விம்மியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பெண் பிள்ளை கை தூக்கி ஏதோ கேட்டாள். யாழினி நோட்டைப் புரட்டி, தட்டுத் தடுமாறித் தமிழாக்கினாள்.

“அக்கா, நீங்க... மைக்ரோஸ்கோப்... எவ்ளோ டைம்ஸ் யூஸ் பண்ணுவீங்க?”

கௌசல்யா தலையைத் தூக்கினாள். கண்ணில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

“இன்னிக்குத்தான் பாப்பா மொதல் தடவ! இது எங்களுது இல்ல, மெட்ரிக் பள்ளிக்கூடத்துல எரவல் வாங்கியாந்தது. எங்களுது பத்து ரூமுக்குள்ள இருக்குது. ஆயுத பூசைக்குத் தொறப்பாங்க. நாங்க தொடச்சுப் பொட்டு வெப்போம். அப்புறம் தலைவரு பூட்டிக்குவாரு.”

எந்தக் குற்றமும் சொல்லவில்லை அந்தப் பெண். இருப்பதைச் சொன்னாள்.

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். இருபது பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சட்டையில் ஒட்டியிருந்த என் முகத்தைக் குனிந்து பார்த்தேன்.

“எவ்ரி டே,” என்றாள் அவள். “தே யூஸ் இட் எவ்ரி டே.”

அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும். திரையில் தமிழ்ச்செல்வி டீச்சருக்கும் புரியும். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்வி கேட்ட பெண் “வாவ்” என்றாள். மிசஸ் ஹால் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கையை ஆட்டித் தடுத்திருந்தாலே போதும். பதிலுக்கு நானும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அன்று மாலை மாப்பிள்ளை மெக்சிகோக்காரர் கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தார். மைதா சப்பாத்திக்குள் சோறும் பயறும் போட்டுப் பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டியிருந்தது. கொள்ளுப் பருப்பு மாதிரி ஒரு ருசி. யாழினிக்கு அது உயிர். அன்று தொடவில்லை.

“கிளாஸ் எப்டிப்பா இருந்துச்சு?” என்றாள் கவிதா.

“பிரமாதம்,” என்றேன்.

சாப்பிட்டு முடித்து மாடிக்குப் போனால், யாழினி தரையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்காக, இந்தியப் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொண்டதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். அவள் தாளில் ஒரு வரி எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் அந்த இடத்தில் ஓட்டையாகியிருந்தது. என்னிடம் கேட்டாள், இங்கிலீஷில்தான். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டதால் எனக்கு முழுக்கப் புரிந்தது.

“அப்புச்சி, அந்த அக்கா சொன்னது நிஜமா, நீங்க சொன்னது நிஜமா? நான் எதை எழுதணும்?”

“அக்கா சொன்னதுதான் சாமி நெசம்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டு, “அப்ப நான் பொய் சொல்லிட்டேன்,” என்றாள்.

நீங்கள் என்று அவள் சொல்லவே இல்லை. என்னை எத்தனையோ பேர் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். துளையில் தண்ணீர் வராதபோது செருப்பைக் கழற்றியவர்கள்கூட உண்டு. எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

கீழே வந்து கவிதாவிடமும் மாப்பிள்ளையிடமும் உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதா என்னைப் பார்த்தாள்.

“புள்ள பேசறப்ப நீங்க அங்கதானுங்கப்பா இருந்தீங்க?”

“இருந்தேன்.”

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊரில் அப்போது வியாழன் காலை. தமிழ்ச்செல்வி டீச்சருக்குப் போன் போட்டு, பூட்டை உடைத்துவிடுங்கள் என்றேன். “வாயால சொன்னாப் பத்தாதுங்க ஐயா, ஹெச்.எம். எழுத்துல கேப்பாருங்க,” என்றார். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தட்டினார். அறையை உடனே திறக்கவும், பிள்ளைகள் கையில் சாமானைக் கொடுக்கவும், குறைந்தால் உடைந்தால் பொறுப்பு என்னுடையது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினோம். என் கையெழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது.

மறுநாள் காலை யாழினியோடு நானும் பள்ளிக்குப் போனேன். மணி அடிப்பதற்கு முன்னால் மிசஸ் ஹால் தனியாக இருந்தார். கவிதா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் மெதுவாகத் தமிழில் சொன்னேன், பேத்தி இங்கிலீஷில் சொன்னாள். அறை பூட்டியிருந்தது, சாவி என்னிடம், தினமும் என்று நான் சொன்னது பொய், என் பொய்யைத்தான் இவள் சொன்னாள், இவள் மேல் தப்பில்லை. கடைசியை மட்டும் யாழினி மொழிபெயர்க்காமல் நின்றாள். “சொல்லு சாமி,” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

மிசஸ் ஹால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த அலமாரியைத் திறந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் காட்டினார். ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. ரோபோ செய்கிற சாமானாம். அரசு மானியத்தில் வந்தது, எனக்கு இதை இயக்கத் தெரியாது, உடைத்துவிடுவேனோ என்று பயந்து இரண்டு வருடமாகத் தொடவில்லை என்று சிரித்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று காட்டினார். நல்ல மனுஷி. ஆனால் அவரிடம் இருந்தது ஒரு பெட்டி. என்னிடம் இருந்தது ஒரு அறை. வாசலில் என் பெயர் வேறு.

யாழினிக்கு ஒரு புதுத் தாள் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இங்கிலீஷில் என்ன எழுதினாள் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் போன் போட்டேன். அங்கே மாலை ஆறு மணி. போனை எடுத்ததும் டீச்சர் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

“தொறந்தாச்சுங்களா டீச்சர்?”

“பூட்ட நேத்தே அறுத்தாச்சுங்க. ஒம்பதாவது பத்தாவது ரெண்டு கிளாசும் உள்ளாறதான் இருக்குதுங்க. வூட்டுக்குப் போங்கன்னாலும் போக மாட்டேங்குதுங்க.” குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “ஆறு மைக்ரோஸ்கோப்புல லென்சு பூரா பூஞ்சைங்க ஐயா. பூட்டியே கெடந்ததுல்லீங்க. சந்தனம் வேற உள்ள எறங்கியிருக்குது. நாலு நல்லா இருந்துதுங்க. இன்னிக்கு அதுல ஒண்ணு கீழ வுழுந்து ஒடைஞ்சிருச்சு.”

“ஆரு ஒடைச்சது?”

என் வாய் அது. என்னைக் கேட்காமலே வந்துவிட்டது. வண்டியில் வேலை செய்கிறவர்களை அதட்டுகிற அதே குரல். பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

இரைச்சலை விட்டு அவர் வெளியே வருவது தெரிந்தது.

“நானுங்க ஐயா.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“எம்.எஸ்சி. முடிச்சுப் பதினோரு வருசமாச்சுங்க. அதுக்கப்புறம் இதையெல்லாம் கையில தொடவே இல்லீங்க. புள்ளைங்களுக்குப் படத்துலதான் காட்டிட்டிருந்தேன். புதங்கிழமையும் நேத்தும் ஏதோ சமாளிச்சுட்டேன். இன்னிக்குப் புள்ளைங்க எல்லாம் சுத்தி நிக்கறப்பத் தூக்குனேன், புடி நழுவிருச்சுங்க. என்ற கைக்கு மறந்தே போச்சுங்க ஐயா.”

அறையைப் பூட்டியபோது பிள்ளைகளிடமிருந்து பாதுகாக்கிறேன் என்று நினைத்தேன். டீச்சரை நினைத்ததே இல்லை. அவர் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, அந்தப் பூட்டைத் தாண்டி வகுப்புக்குப் போயிருக்கிறார்.

“ஐயா, லைன்ல இருக்கறீங்களா?” என்றார்.

இருந்தேன்.